அதே இடத்துக்கு மறுநாளும் போன மீனவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய் செய்யும் ஆலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தேன். குழாயின் நீளம், கனம், விட்டம் மூன்றையும் அளந்து, சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு என்று சாயம் பூசுவது என் வேலை. ஓய்வு பெற்ற பின் அளக்க எதுவும் இல்லாததால் வீட்டில் இருப்பதை எண்ண ஆரம்பித்தேன். ஏழாவது மாதம் என் மனைவி சொன்னாள்: "இந்த ஊட்டுல நீங்க எண்ணாதது என் மூச்சு ஒண்ணுதான். அதுவும் எப்ப ஆரம்பிப்பீங்களோன்னு பேஜாரா கீது."

ஒரு தொண்டு அறக்கட்டளை ஆள் தேடுகிறது என்ற செய்தியை அவள்தான் எங்கிருந்தோ கொண்டு வந்தாள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தை எவ்வளவு வேகமாகப் படிக்கிறார்கள், படித்தது எவ்வளவு புரிகிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டும். படித்த, ஓய்வு பெற்ற, பொறுமையான ஆள்கள் தேவை. "மூணுல ரெண்டு இருக்குது உங்க கிட்ட, போங்க" என்றாள்.

பயிற்சி திருவள்ளூரில் இரண்டு நாள். கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ரயிலில் போவதானால் சென்னை வரை போய், வண்டி மாறி, செவ்வாப்பேட்டை வழியாகத் திரும்பி வர வேண்டும். மாவட்டத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போக மாவட்டத்தை விட்டே வெளியேற வேண்டியிருப்பதைப் பற்றி முப்பத்திரண்டு நிலையங்களாக யோசித்துக்கொண்டு போனேன்.

பயிற்சியில் முப்பத்து நான்கு பேர். மூத்தவன் நான். முறை எளிமையானது. பிள்ளையிடம் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட சொற்கள் கொண்ட ஆங்கிலப் பகுதி ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாகப் படிக்கிறது என்று எண்ண வேண்டும். நாற்பத்தைந்து தொட்டால் போதும். பிறகு படித்ததிலிருந்து ஐந்து கேள்வி. பதிலைத் தமிழிலும் சொல்லலாம், ஆனால் விடைத்தாளில் இருக்கும் விடையாக இருக்க வேண்டும். ஐந்தில் மூன்று சரியென்றால் தேர்ச்சி. வேகம், விடை இரண்டிலும் தேறினால்தான் பிள்ளை தேறியது.

தேர்வாளர் பேசலாம் என்று அனுமதிக்கப்பட்ட வாக்கியங்கள் நான்கு: "படி", "அடுத்த கேள்வி", "யோசித்துச் சொல்", "நன்றி". பிள்ளை தும்மினால் என்ன சொல்வது என்று கேட்டேன். அது நான் கேட்ட இருபத்தேழாவது கேள்வி. பயிற்சி கொடுத்த ஒருங்கிணைப்பாளர் என் மகனைவிட எட்டு வயது இளையவர். "சும்மா இருங்க சார், அது போதும்" என்றார்.

எனக்கு முதலில் கொடுத்த பள்ளி, பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில் இருந்தது. பொன்னேரிக்கு ரயில், அங்கிருந்து பேருந்து, பிறகு ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் பன்னிரண்டு பேர், இரண்டு ஐஸ் பெட்டி, ஒரு சுருட்டிய வலை. வலையின் மேல் நான்.

வகுப்பறை வாசலில் ஒரு இளம்பெண் பிள்ளைகளின் செருப்புகளை நேராக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து செருப்பு. ஒன்று குறைகிறது. நான் அதைக் கேட்பதற்குள் அவள் எழுந்து கும்பிட்டாள். அவள்தான் ஆங்கில டீச்சர். அதே குப்பத்துப் பெண். கும்மிடிப்பூண்டியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்துகொண்டே அஞ்சல் வழியில் படித்து முடித்தவள். மூன்று வருடம் முன்பு இதே அறக்கட்டளை அவளைத் தற்காலிக ஆசிரியையாகப் போட்டிருந்தது.

"மூடி செக்கிங்கா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். நிமிஷத்துக்கு நூத்தி இருவது."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அது தவறு என்று உடனே தோன்றியது. பரிசோதகனுக்குக் குழாயைப் பிடிக்கக் கூடாது.

அவள் தணிந்த குரலில், "சார், நான் எதுவும் கேக்கப் போறதில்ல. ஆனா தெரிஞ்சிக்கினா நல்லதுன்னு சொல்றேன்" என்றாள். நான்கு, ஐந்து வகுப்பில் சேர்த்து இருபத்து மூன்று பிள்ளைகள். நூற்றுக்கு அறுபது பேர் தேறினால் அவளை இங்கேயே வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் இந்தப் பள்ளியில் ஆங்கில டீச்சரே கிடையாது. அவள் மறுபடியும் கம்பெனி பஸ் ஏறி மூடி எண்ணப் போக வேண்டும். பிள்ளைகள் பாடு அவ்வளவுதான்.

இருபத்து மூன்றில் நூற்றுக்கு அறுபது என்பது பதின்மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் மேல். முக்கால் பிள்ளை தேற முடியாது. பதினான்கு வேண்டும். எழுதிக்கொண்டேன்.

தேர்வு நடக்கும்போது அவள் அறைக்குள் இருக்கக் கூடாது, ஜன்னல் வழியாகப் பார்க்கவும் கூடாது என்பது விதி. சொன்னேன். "சரி சார்" என்று வெளியே போய் மறுபடியும் செருப்புகளிடம் உட்கார்ந்தாள்.

காலை ஒன்பது நாற்பதுக்கு ஆரம்பித்தோம். பிள்ளைக்கு ஆறு நிமிடம்.

அன்றைய ஆங்கிலப் பகுதி அறுபத்து நான்கு சொற்கள். கதை இதுதான். ஒரு மீனவர் ஏரிக்கரையில் வசிக்கிறார். ஒருநாள் காலையில் தனியாக ஏரிக்குப் போய் வலை வீசுகிறார். நிறைய மீன் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு மீன் கொடுக்கிறார். மறுநாளும் அதே இடத்துக்குப் போகிறார். மீன் கிடைக்கவில்லை. வருத்தப்படுகிறார்.

மீனவர் குப்பத்துக்கு மீனவர் கதை. பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் சலுகையாகிவிடுமோ என்றுகூடக் கவலைப்பட்டேன்.

முதல் பையன் வந்தான். "படி" என்றேன். ஏலம் விடுகிறவர்போல ஒரே மூச்சில் படித்தான். முப்பத்தெட்டு விநாடியில் கதை முடிந்துவிட்டது. நிமிடம் முடியவில்லையே என்று என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, அந்த மீனவரை இரண்டாம் தடவை ஏரிக்கு அனுப்பி, வலை வீச வைத்த இடத்தில் நிமிடம் முடிந்தது. இதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று பயிற்சியில் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"மீனவர் யாருடன் ஏரிக்குப் போனார்?" இது முதல் கேள்வி. விடை: தனியாக.

"நாலு பேரோட" என்றான்.

"யோசித்துச் சொல்."

யோசித்தான். "அஞ்சு பேரு."

"அடுத்த கேள்வி. மறுநாள் அவர் எங்கே போனார்?" விடை: அதே இடத்துக்கு.

"போயிருக்க மாட்டாரு சார்."

"யோசித்துச் சொல்."

"அது எப்பிடி சார் போவ முடியும்? மறுநாளு வேற ஊரு பாடாச்சே."

பாடு என்றால் என்ன என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை. நான்கு வாக்கியங்களில் அது கிடையாது. தவறு என்று குறித்துக்கொண்டேன்.

"அவர் ஏன் வருத்தப்பட்டார்?" விடை: மீன் கிடைக்காததால்.

"தப்பு பண்ணாருல்ல, அதான்" என்றான்.

அவனுக்கு ஐந்தில் இரண்டு. "நன்றி" என்றேன். அவன் "தேங்க்யூ சார், வெல்கம் சார்" என்று இரண்டையும் தானே சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு பையன் இப்படி என்றால் விட்டுவிடலாம். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவனும். எல்லோரும் சளைக்காமல் படித்தார்கள். இருபத்து மூன்றில் இருபத்தொரு பேர் நாற்பத்தைந்தைத் தாண்டினார்கள். ஆனால் கேள்வி என்று வந்ததும் கதையை விட்டுவிட்டு அந்த மீனவரின் நடத்தையை விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஏன் வருத்தப்பட்டார் என்பதற்கு வந்த பதில்களை நான் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். ஊர்க் கூட்டத்தில் நிற்க வைத்ததால். வலையைப் பிடுங்கிக்கொண்டதால். அவர் பெண்டாட்டி திட்டியதால். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மீனை வாங்கிக்கொண்டும் காட்டிக்கொடுத்ததால்.

கடைசியாக வந்தவள் இருபத்து மூன்றாம் எண். ஐந்தாம் வகுப்பு. ஒற்றைச் செருப்போடு வாசலில் ஏறியதை அப்போதுதான் பார்த்தேன். நாற்பத்தைந்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அறுபத்து நான்கு சொற்களையும் தப்பில்லாமல் படித்தாள். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"சார், இந்த ஆளு எந்த ஊரு?"

"யோசித்துச் சொல்."

"இங்கதான் எழுதலியே சார், நான் எப்பிடி சொல்றது? எங்க ஊருன்னா இப்பிடி பண்ணமாட்டாங்க. வேற ஊருக்காரரு போல. நம்ம எடத்துல வந்து போட்டுக்கினாரு. மொத நாளு யாரும் பாக்கல. ரெண்டாவது நாளு புடிச்சிட்டாங்க."

"மீனவர் ஏன் வருத்தப்பட்டார்?"

"மாட்டிக்கினா வருத்தமாதான சார் இருக்கும்."

ஐந்தில் ஒன்று.

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. கூட்டினேன். தேறியவர்கள் நான்கு பேர். இன்னொரு முறை கீழிருந்து மேலாகக் கூட்டினேன். அப்போதும் நான்கு.

டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவள் விடைகளை வாங்கிப் படித்தாள். ஒரு இடத்தில் சிரிப்பை அடக்கினாள். பிறகு முகம் சின்னதாகிவிட்டது.

"பசங்க சொன்னதெல்லாம் சரிதான சார்" என்றாள்.

"விடைத்தாளில் அப்படி இல்லையேம்மா."

"விடைத்தாளு எழுதினவரு ஏரிய பாத்திருக்க மாட்டாரு சார்."

"அது எனக்குத் தெரியாது. கதையில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும்."

அவள் தலையாட்டினாள். "கம்பெனில பழைய சூப்பர்வைசரு கீறாரு. போன் பண்ணா வண்டி ரூட்டு சொல்வாரு" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. அதற்கு விதிப்புத்தகத்தில் பதில் வாக்கியம் இல்லை.

மதிய உணவு நேரத்தில் பள்ளிக் குழுத் தலைவி வந்தார். பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். இருபத்து மூன்றாம் எண்ணின் அம்மா. மகள் எல்லாவற்றையும் வழியிலேயே சொல்லிவிட்டிருக்கிறாள். கையிலிருந்த தூக்கை என் முன் வைத்து, "மொதல்ல துண்ணு சார், அப்பால பேசறேன்" என்றார். இறால் தொக்கு. தேர்வாளர் எதையும் பெற்றுக்கொள்ளக் கூடாது என்பது விதி. காலையில் நான் நாஷ்டா சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. உணவைப் பற்றி விதி தெளிவாக இல்லை என்று முடிவு செய்தேன்.

"அந்தக் கதைய சொல்லு, கேக்கறேன்."

தமிழில் சொன்னேன். அவரோடு வந்த இரண்டு பெண்களும் கேட்டார்கள். "மறுநாளும் அதே இடத்துக்கு" என்ற இடத்தில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யார்ரா அவன்?" என்றார் ஒருவர்.

"கதைதாம்மா."

"கதையா இருந்தா? கொயந்தைங்க படிக்கிற புஸ்தகத்துல இதையா போடுவாங்க?"

"தனியா வேற போனானாம்" என்றார் மற்றவர். "திருட்டுக்குத்தான் தனியா போவாங்க."

தலைவி எனக்கு விளக்கினார். "தோ பாரு சார். ஏரில எடம் எடமா பிரிச்சி கீது. இன்னிக்கு எங்க ஊரு வலை போடும். நாளிக்கு பக்கத்து ஊரு. நாளன்னிக்கு அதுக்கு அப்பால கீற ஊரு. அதுக்கு மறுநாளு திரும்ப நாங்க. எங்க நாளு வந்தா யாருக்கு எந்த எடம்னு சீட்டு குலுக்கிப் போடுவோம். ஒரு வலைக்கு நாலு பேரு. ஒடம்பு முடியலன்னா அந்த மொறை போச்சு, அடுத்த மொறைதான். இதான் பாடு. எங்க தாத்தனுக்கு தாத்தன் காலத்துலேர்ந்து கீது. புரிஞ்சிதா?"

"புரிந்தது" என்றேன்.

"அப்பிடின்னா நானும் அஞ்சு கேள்வி கேக்கறேன். நாளன்னிக்கு யாரு போடுவாங்க?"

"அதற்கு அப்பால் இருக்கிற ஊர்."

"கரெக்டு. யாருக்கு எந்த எடம்னு யாரு சொல்றது?"

"ஊர்த் தலைவர்."

"தப்பு. சீட்டு. ஒரு வலைக்கு எத்தினி பேரு?"

"நாலு." எண்ணிக்கையில் என்னை மடக்க முடியாது.

"ரெண்டு கரெக்டு. சீட்டு வந்தவனுக்கு சொரம். இன்னா பண்ணுவான்?"

"அடுத்த ஆளோடு ஷிப்ட் மாற்றிக்கொள்வான்."

மூன்று பெண்களும் சிரித்தார்கள். டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஷிப்டா? நான் எங்க சார் ஷிப்டுன்னு சொன்னேன்? மொறை போச்சுன்னு சொன்னேன். உன் கம்பெனி கதைய இங்க சொல்லாத. நான் சொன்னதுல இருக்கறத சொல்லு. இப்ப கடேசி கேள்வி. உன் கதைல வர ஆளு ஏன் வருத்தப்பட்டான்?"

"மீன் கிடைக்காததால்" என்றேன். விடைத்தாள் வாயிலேயே வந்துவிட்டது.

"அஞ்சுக்கு ரெண்டு" என்றார் தலைவி. "பெயிலு. ஆனா தொக்கு துண்ணு."

தின்றுகொண்டே மறுபடி என் தாளைப் பார்த்தேன். தேறிய நான்கு பேர் யார் என்று டீச்சரிடம் கேட்டேன். காலையில் அது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேர் அண்ணன் தங்கை. அப்பாவுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை. மற்ற இரண்டு பேர் பெரியபாளையத்துக் கோயிலருகே பூக்கடை வைத்திருந்து, இப்போது இங்கே மளிகைக்கடை போட்டிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். நான்கு பேர் வீட்டிலும் வலை கிடையாது. ஏரியைப் பற்றி எதுவும் தெரியாத நான்கு பிள்ளைகள் மட்டும் ஏரிக் கதையைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆலையில் என் பதினாறாவது வருடத்தில் ஒரு முறை ஒரே நாளில் நானூறு குழாய்களுக்குச் சிவப்பு பூசினேன். எல்லாம் விட்டம் குறைவு. நானூறு குழாயும் ஒரே மாதிரி எப்படித் தவறும் என்று மறுநாள்தான் யோசித்தேன். தேய்ந்திருந்தது என் அளவுகோல். நானூறையும் சிவப்பு சுரண்டிப் பச்சை பூசப் பதினொரு நாள் ஆயிற்று. அந்தப் பதினொரு நாளும் ஆலையில் எல்லோரும் என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

விதிப்புத்தகத்தை எடுத்தேன். பதினேழாம் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. கொடுத்த பகுதி அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை என்று தேர்வாளர் கருதினால், காரணம் எழுதி, தேறாதவர்களுக்கு மட்டும் அன்றே மாற்றுப் பகுதி கொடுக்கலாம். இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பயன்படுத்தினால் விசாரணைக்கு வருவார்களா என்பது என்னுடைய பத்தொன்பதாவது கேள்வி. "வரலாம் சார்" என்று பதில்.

ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன்.

"சார், மீனவர் ஊருக்கு மீனவர் கதை பொருந்தலைன்னு எழுதினா மேல என்ன நெனைப்பாங்க?"

"படித்துப் பார்த்தால் புரியும்."

"அவங்க படிக்க மாட்டாங்க சார்."

"அப்படியென்றால் கவலை இல்லையே."

"உங்க பொறுப்பு சார்" என்று வைத்துவிட்டார்.

என் பொறுப்பு என்று கேட்டவுடன் இறால் தூக்கை மூடி வைத்தேன். இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். ஒன்றே காலுக்கு மாற்றுப் பகுதியை உறையிலிருந்து எடுத்தேன்.

அது பனிமலைக் கதை. மலைமேல் ஒருவர் வீடு. இரவில் பனி கொட்டிக் கதவை மூடிவிடுகிறது. ஜன்னல் வழியாக வெளியே வந்து, பனியை வாரிச் சாலையோரம் போடுகிறார். நண்பகலில் பக்கத்து வீட்டுக்காரர் உதவிக்கு வருகிறார். வீட்டுக்காரர் மகிழ்ச்சி அடைகிறார். அறுபத்தாறு சொற்கள். இந்தக் கரையில் மீன் பெட்டியில் போடும் ஐஸைத் தவிர வேறு பனி கிடையாது.

பத்தொன்பது பேர். இன்னும் பத்துப் பேர் தேற வேண்டும்.

இப்போது எல்லாம் தலைகீழாக நடந்தது. காலையில் பறந்து படித்தவர்கள், பனி வாரும் கருவியின் பெயர் வந்ததும் வண்டி சேற்றில் இறங்கியதுபோல நின்றார்கள். ஏலக்காரப் பையன் அந்தச் சொல்லை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல என்னைப் பார்த்தான். நாற்பத்தாறில் தப்பினான். சிலர் நாற்பத்து மூன்று, நாற்பத்தொன்று என்று நின்றுவிட்டார்கள். ஆனால் கேள்விக்கு வந்த விடைகள் விடைத்தாளைப் பார்த்து எழுதியதுபோல இருந்தன.

"எங்கே வசிக்கிறார்?"

"மலைமேல சார்."

"எப்படி வெளியே வந்தார்?"

"ஜன்னல் வழியா சார்."

ஒருவர்கூட ஜன்னலில் கம்பி இல்லையா என்று கேட்கவில்லை. அந்த மனிதர் எந்த ஊர் என்று கேட்கவில்லை. யாரோ எங்கோ எதையோ வாரிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். காலையில் நியாயம் கேட்ட பிள்ளைகள் இவர்கள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பதினெட்டுப் பேர் முடிந்தபோது ஒன்பது பேர் தேறியிருந்தார்கள். காலையின் நான்கோடு பதின்மூன்று. மிச்சம் ஒரே ஒருத்தி.

இருபத்து மூன்றாம் எண் ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே டீச்சரின் தலை தெரியவில்லை. விதிப்படி சுவருக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் சேலை முனை தெரிந்தது. அது அசையவே இல்லை.

படித்தாள். ஐம்பத்தெட்டு. மலைமேல் என்றாள், சரி. ஜன்னல் வழியாக என்றாள், சரி.

"பனியை எங்கே போட்டார்?"

"ஊட்டுக்குப் பின்னாடி."

"யோசித்துச் சொல்."

"ரோட்டோரம் போட்டா கரைஞ்சி தண்ணி எல்லார் ஊட்டுக்குள்ளயும் வருமே சார். சண்டைக்கு வரமாட்டாங்களா?"

தவறு.

"பக்கத்து வீட்டுக்காரர் எப்போது வந்தார்?" விடை: நண்பகலில்.

"சாயங்காலம்."

"யோசித்துச் சொல்."

"மத்தியானம் யாரு சார் வருவாங்க? சோறு துண்ற நேரம்."

தவறு. இரண்டு சரி, இரண்டு தவறு. ஒரு கேள்வி மிச்சம். வெளியே சேலை முனை சட்டென்று மறைந்தது.

"அவர் ஏன் மகிழ்ச்சி அடைந்தார்?"

விடை: பக்கத்து வீட்டுக்காரர் உதவியதால். அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சார், கதைல இருக்கறத சொல்லணுமா, நெசத்த சொல்லணுமா?"

மத்தியானம் அவள் அம்மா என்னிடம் சொன்ன "சொன்னதுல இருக்கறத சொல்லு" என்பதுதான் அதற்குப் பதில். ஆனால் அது என் நான்கு வாக்கியங்களில் இல்லை.

"யோசித்துச் சொல்" என்றேன்.

"நெசம்னா வேற கீது சார்."

"யோசித்துச் சொல்."

ஒரு கேள்விக்கு எத்தனை முறை அப்படிச் சொல்லலாம் என்று விதியில் எண் இல்லை. பயிற்சியில் நான் கேட்காமல் விட்டதற்காக முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன். மூன்றாவது முறையும் சொன்னேன்.

பெருமூச்சு விட்டாள். "பக்கத்து ஊட்டுக்காரரு வந்து ஒதவி பண்ணாராம். அதனால சந்தோஷமாம்" என்றாள். பிறகு, "ஆனா நான் நம்பல. எல்லா வேலையும் முடிஞ்ச பெறகுதான் வந்தாரு" என்று சேர்த்துக்கொண்டாள்.

நம்ப வேண்டும் என்று விடைத்தாளில் இல்லை. சரி என்று குறித்தேன். "நன்றி" என்றேன். அன்று சொன்ன நாற்பத்திரண்டு நன்றிகளில் அது ஒன்றுதான் கொஞ்சம் சத்தமாக வந்தது.

மணி மூன்று பத்து. மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, பிறகு நடுவிலிருந்து இரண்டு பக்கமாகக் கூட்டினேன். பதினான்கு. வெளியே போய் டீச்சரிடம் சொன்னேன். "சரி சார்" என்றாள். அவ்வளவுதான். பிறகு குனிந்து, நேராகத்தான் இருந்த செருப்புகளை மறுபடி நேராக்கினாள். நாற்பத்தைந்தும் முடிகிற வரை நிமிரவில்லை.

காரணம் எழுதும் கட்டத்தில் இருநூறு எழுத்துக்குத்தான் இடம். பாடு முறையை இருநூறு எழுத்தில் எழுத ஷேர் ஆட்டோவிலும், பேருந்திலும், ரயிலிலும் முயன்றேன். வீட்டுக்கு வந்து படித்துக் காட்டியபோது மனைவி, "ஒண்ணும் புரியல, ஆனா நேர்மையா கீது" என்றாள். அனுப்பிவிட்டேன். பிறகு பத்தொன்பது நாள், வாசலில் எந்த வண்டி நின்றாலும் விசாரணைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டேன். வந்தவர்களில் ஏழு பேர் கேஸ் சிலிண்டர் விலாசம் கேட்டவர்கள்.

இருபதாம் நாள் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். "சார், உங்க குறிப்பை மேல படிச்சுட்டாங்க" என்றார், ஆச்சரியத்தோடு. என் முடிவை ஏற்றுக்கொண்டார்களாம். அந்தக் கதையையும் திருத்திவிட்டார்களாம். மீனவரை எடுத்துவிட்டு விவசாயியைப் போட்டிருக்கிறார்கள். தினமும் தனியாகப் போய், யாரையும் கேட்காமல், வாய்க்காலைத் திறந்து தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாராம். எனக்கு அடுத்து வந்திருக்கும் பள்ளி, ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் நெல் கிராமம். பதினேழாம் பக்கத்தில் இப்போதே ஒரு அடையாளத் தாள் வைத்திருக்கிறேன்.

அன்று மாலையே டீச்சரும் பேசினாள். உத்தரவு வந்துவிட்டது. இன்னும் ஒரு வருடத்துக்கு அவள் அங்கேதான். பழைய சூப்பர்வைசரின் எண்ணைப் போனிலிருந்து எடுத்துவிட்டாளாம். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. எத்தனை குரல் என்று பிரிக்க முடியவில்லை.

"சார், இவ ஒண்ணு கேக்கணுமாம். டெய்லி நச்சரிக்கிறா" என்றாள். இவள் என்றால் யாரென்று கேட்கவே வேண்டாம். "அந்த மீன் புடிக்கிற ஆளு கடைசில இன்னா ஆனாருன்னு."

"அவரை விவசாயியாக மாற்றிவிட்டார்கள் என்று சொல்லும்மா."

அவள் போனை விலக்கிச் சொன்னது கேட்டது. அந்தப் பக்கம் ஒரு நிமிடம் ஆலோசனை நடந்தது. டீச்சர் திரும்பி வந்தாள்.

"ஏரிய விட்டே தொரத்திட்டாங்களான்னு கேக்கறா சார்."

யோசித்துச் சொன்னேன். "ஆமாம்."

"அதான் சரின்னு சொல்றா."